மூன்றாம் அத்தியாயம்: அடிமுத்திரை இல்லாத பீங்கான்

கல்முனையில் சோறு போட்டுத் தின்னும் எந்தத் தட்டுக்கும் பீங்கான் என்றே பெயர். பிளாஸ்டிக்கில் வார்த்ததும் பீங்கான், மெலமைனில் அழுத்தியதும் பீங்கான், தகரத்தில் எனாமல் பூசியதும் பீங்கான். இதைக் கேட்க ஊரில் ஆளில்லை. ஆனால் அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, துப்பறிவாளர் றஸ்னாவின் முன்னால் சபியா உம்மா தன் வீட்டு மண்டபத்தில் கொண்டுவந்து வைத்த பீங்கான் உண்மையிலேயே பீங்கானாக இருந்தது. சிக்கலே அதுதான்.

"இது எங்கட எழுத்துப் பீங்கான் இல்ல, மகள்" என்றார் சபியா உம்மா. அரிசி ஆலைக்காரரின் மனைவியாக இருபது ஆண்டும் விதவையாகப் பத்தாண்டும் அந்த வீட்டை ஆண்டவர். பேசி முடித்ததும் விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். "எங்கட மூத்தாப்பாட வாப்பா அந்தக் காலத்தில கப்பல்ல ஹஜ்ஜுக்குப் போய்க் கொண்டுவந்தது எங்கட பீங்கான். அது இவ்வளவு வெள்ளை இல்ல."

கதவோரம் நின்றிருந்த றுமைஸ் எட்டிப் பார்த்தான். அவன் றஸ்னாவின் தம்பி. அவளுடைய முச்சக்கரவண்டிச் சாரதி. அவளுடைய ஒரே உதவியாளன். சம்பளம் எந்தப் பதவிக்கு உரியது என்பதை இருவரும் இதுவரை தீர்மானிக்கவில்லை.

"வெள்ளையா இருக்கிறது ஒரு குத்தமா, ராத்தா?" என்று மெல்லக் கேட்டான்.

"வாயை மூடு."

அந்தக் குடும்பத்துப் பெண்கள் கருவுற்று எட்டாம் மாதம் ஆனதும், ஓதிப் பார்க்கும் லெப்பை வந்து வெள்ளைப் பீங்கானில் குங்குமப்பூ மையால் திருவசனங்களை எழுதுவார். எழுத்தைப் பன்னீரால் கரைத்து, அந்நீரைக் கர்ப்பிணி குடிப்பாள். தலைமுறை தலைமுறையாக ஒரே பீங்கான். அதன் பூச்சில் விழுந்திருந்த நுண்ணிய வெடிப்புகளுக்குள் குங்குமப்பூ இறங்கி இறங்கி, மஞ்சள் வலை விரித்தாற்போல் ஆகியிருந்ததாம். இப்போது எட்டாம் மாதத்தில் இருப்பவள் சபியா உம்மாவின் ஒரே மகள் ஹிமாயா. செவ்வாய்க்கிழமை வந்த லெப்பை எழுதுகோலை மையில் தோய்த்தார், பீங்கானைப் பார்த்தார், கோலைக் கீழே வைத்தார். "இது எப்ப வாங்கின?" என்று மட்டும் கேட்டாராம்.

அன்று மாலையே கள்ளி யாரென்று முடிவாகிவிட்டது. ஆறு ஆண்டுகளாக அந்த வீட்டில் பாத்திரம் கழுவும் ஆகிலா. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இறக்காமத்துக் கலியாணத்துக்குப் போயிருந்தபோது வீட்டில் இருந்தவர்கள் இருவர்: பள்ளமும் படுகுழியுமான பாதையில் போகக்கூடாத நிலையில் இருந்த ஹிமாயாவும், அவளுக்குத் துணையாக ஆகிலாவும். மகளைக் கழித்தால் மிச்சம் ஒருத்தி. இத்தகைய கணக்கைப் போடுவதற்கு எங்கும் படித்திருக்க வேண்டியதில்லை.

நாளை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் நிர்வாகத்தின் முன் விசாரணை. அங்கே பெயர் சொல்லி அழைத்துவிட்டாலே போதும். குற்றம் உறுதியாகிறதோ இல்லையோ, கல்முனைக்குடியில் எந்த வீட்டு அடுப்படியும் ஆகிலாவுக்குத் திறக்காது. அவள் கழுவுவது ஐந்து வீடுகளில். அந்த ஐந்திலிருந்துதான் அவள் வீட்டில் உலை கொதித்தது. முந்திய நாள் அவள் றஸ்னாவைத் தேடி வந்து சொன்னது ஒரே விடயம்: "நான் எடுக்கல்ல எண்டு நீங்க சொல்ல வேணாம். ஆர் எடுத்த எண்டு கண்டுபுடிச்சுச் சொல்லுங்க."

றஸ்னா பீங்கானை எடுத்து யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். காப்புறுதி நிறுவனமொன்றில் பதினொரு ஆண்டுகள் உடைந்த பொருள்களைப் பார்த்தே சம்பளம் வாங்கியவள் அவள். பீங்கானுக்குப் பின்னால் அவளுடைய நான்கு விரல்களின் நிழலும் தெளிவாகத் தெரிந்தது. விளிம்பில் நகத்தால் ஒரு சுண்டு சுண்டினாள். ஓசை நெடுநேரம் நின்று அடங்கியது.

"பள்ளிக்கூடம் விட்டுட்டாங்க" என்றான் றுமைஸ்.

"போன் சைனா" என்றாள் றஸ்னா. "களிமண்ணோட எலும்புச் சாம்பல் கலந்து சுடுறது. அதாலதான் வெளிச்சம் ஊடுருவுது."

"எந்த எலும்பு?" என்று சபியா உம்மா கேட்டார்.

"அது பெக்டரிக்காரனுக்குத்தான் தெரியும், சாச்சி."

"அஸ்தஃபிருல்லாஹ்!" சபியா உம்மா இரண்டு அடி பின்வாங்கினார். "இதிலயா எழுதப் பார்த்த?"

றஸ்னா பீங்கானைக் கவிழ்த்தாள். அடியில், உற்பத்தியாளரின் முத்திரை இருக்கவேண்டிய இடத்தில் முத்திரை இல்லை. யாரோ அதை அரைத்து எடுத்து, அரைத்த தடமும் தெரியாதபடி மினுக்கியிருந்தார். கண்ணாடியைப் போல வழவழவென்று இருந்தது.

"இதைக் கொண்டுவந்து வச்ச ஆளுக்கு எலும்பு விசயம் தெரிஞ்சிருக்கி. இந்த வீட்டுல அது ஆகாது எண்டும் தெரிஞ்சிருக்கி. அதான் அடியைச் சுரண்டியிருக்கி. கள்ளனுக்கு எதுக்கு இந்தக் கரிசனம்?"

"வீடு நிறையப் பீங்கான் இரிக்கே, சாச்சி" என்று றுமைஸ் கண்ணாடி அலுமாரியைக் காட்டினான். "ஒண்டு போனதுக்கா பள்ளி வரைக்கும் போற?"

சபியா உம்மாவின் முகம் இறுகியது. "அதை நான்தான் கழுவுவன், நான்தான் துடைப்பன். ஆகிலாவைக்கூடத் தொட விட்டதில்ல. அது பிறத்தியார் கையில ஒரு நாள்கூட இரிக்கப்படாது."

றஸ்னா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பீங்கானைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

கல்முனைச் சந்தையில் தங்கத்துரையின் கடைக்கு ஈடான பீங்கான் கடை வேறில்லை. பெரியநீலாவணையிலிருந்து நாள்தோறும் சைக்கிளில் வந்து கடை திறக்கும் அவர், பொருள் விற்பதைவிட விற்க மறுப்பதில்தான் பெயர் பெற்றவர். இவர்கள் நுழைந்தபோது ஒரு பெண்ணிடம் பொன்விளிம்புக் கோப்பைகளைத் தரமாட்டேன் என்று வாதாடிக்கொண்டிருந்தார்.

"மைக்ரோவேவ் இருக்கா வீட்டில? இருக்கெல்லோ? அப்ப இது உனக்குச் சரிவராது பிள்ள. பொன்விளிம்பு பொறி கக்கும். தேசிக்காய் போட்டுத் தேச்சா பொன்னு போயிரும். கல்லுப் பீங்கான் ஒண்டைக் கொண்டு போ. அது உன்னையும் தாங்கும், உன்ட புள்ளையளையும் தாங்கும்."

அந்தப் பெண் கோபத்துடன் போனாள். தங்கத்துரை திரும்பினார். றஸ்னா செய்தித்தாளைப் பிரித்ததும் அவர் குரல் தாழ்ந்தது.

"போன் சைனா. ஆறு போட்ட செட்டில ஒண்டு. செட்டை உடைச்சு விக்கிறவன் மனிசனில்ல."

"ஆர் வித்திருப்பாங்க, அண்ணன்?"

"நான்தான். போன திங்கக்கிழமை." அவர் நெற்றியைத் தடவினார். "ஒண்டு மட்டும் போதும் எண்டு நிண்டான். ஏலாது எண்டன். கண் கலங்கிற்று அவனுக்கு. மறுகா என்ன செய்யிற? குடுத்தன். அஞ்சு கிடக்கு உள்ள, பாக்கப் பாக்க வயிறு எரியுது."

"ஆள் எப்படி?"

"வெள்ளைக் கோட்டு. மூக்குத் துணி தாடைக்குக் கீழ தொங்குது. நல்ல அமைதியான பொடியன். ஆனா..." தங்கத்துரை சுற்றுமுற்றும் பார்த்தார். "சொன்னா நம்பமாட்டீங்க. பொக்கெட்டுக்குள்ள இருந்து பல்லு எடுத்தான்."

"பல்லா?" என்றான் றுமைஸ்.

"பதினாறு பல்லு. விசிறி மாதிரிக் கோர்த்திருக்கு. ஒண்டும் ஒரே நிறமில்ல. ஒவ்வொண்டா என்ட பீங்கான்களோட வச்சு வச்சுப் பாக்கிறான். 'ரெண்டாவது பல்லுக்குக் கிட்ட வருது, இதைத் தாங்க' எண்டான். முப்பது வருசம் கடை வச்சிருக்கன். பல்லைக் காட்டிச் சாமான் வாங்கின ஆளை அண்டைக்குத்தான் கண்டன்."

"ராத்தா, பீங்கானுக்கும் பல்லுக் கட்டுறாங்களா?"

"றுமைஸ், சபியா சாச்சிட மருமகன் என்ன வேலை செய்யிற?"

"சாஜித்தா? அவன் சாய்ந்தமருதில பல்லு செய்யிற லெப்ல..." என்று தொடங்கியவன் அப்படியே நின்றான். திறந்த வாய் மூடவில்லை. சாஜித் அப்போது அங்கே இருந்திருந்தால் ஒரு கடைவாய்ப் பல்லை இலகுவாக அளவெடுத்திருக்கலாம்.

"பல்லு செய்யிறதும் பீங்கான்லதான்டா" என்றாள் றஸ்னா. "அந்தப் பதினாறும் பல்லுட நிறம் பார்க்கிற மாதிரிகள். அரைச்சு மினுக்குறதுக்கு இந்த ஊரிலயே சின்ன மெசின் வச்சிருக்கிறவங்க அவங்கதான். அந்த அடியைப் பார்த்த உடனேயே எனக்கு வந்திருக்க வேணும்."

தங்கத்துரை பீங்கானைச் சுற்றித் தந்தார். தருமுன் ஒரு தாளைக் கூடுதலாக வைத்தார். "அடுக்கி வச்சா இடையில தாள் வைங்க. மேல இருக்கிறதுட அடிவட்டம் கீழ இருக்கிறதைக் கீறும். ஆரும் கேக்கிறதில்ல."

சாய்ந்தமருதில், பற்சிகிச்சை நிலையமொன்றின் பின்னறையில், சுண்ணத்தால் வார்த்த தாடைகள் வரிசையாக இளித்துக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே சாஜித் மட்டும் இளிக்கவில்லை. றஸ்னா பீங்கானை மேசையில் வைத்ததும் கையிலிருந்த சிறு அரவைப் பொறியை நிறுத்திவிட்டு முகக்கவசத்தைக் கழற்றினான்.

"நல்லா மினுக்கியிருக்கீங்க" என்றாள் றஸ்னா.

அவன் மறுக்கவில்லை. "வாங்கிக்கொண்டு வந்த பொறகுதான் அடியைப் பார்த்தன். போன் சைனா எண்டு போட்டிருந்த. வேற தேடுறதுக்கு நேரமில்ல."

"பழையதை என்ன செஞ்ச?"

"நான் ஒண்டும் செய்யல்ல." அவன் தலையைக் குனிந்தான். "ஹிமாயாதான். மஞ்சள் கோடெல்லாம் ஊத்தை மாதிரித் தெரியுது, லெப்பைட முன்னால வெள்ளையா வைக்கணும் எண்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்திருக்கா. சோடாத் தூளைப் போட்டு, கேத்தல்ல கொதிச்ச தண்ணியை அப்படியே ஊத்தியிருக்கா. சட்டெண்டு ரெண்டாப் போயிற்று. ஆகிலா ராத்தா அந்நேரம் கிணத்தடியில."

"மாமிக்கிட்டச் சொல்லியிருக்கலாம்தானே?"

"எட்டாம் மாசத்தில எழுத்துப் பீங்கான் உடைஞ்சா புள்ளைக்கு என்னமும் ஆகிரும் எண்டு அவ அழுதழுது சாப்பிடுறாவும் இல்ல. மாமிக்குத் தெரிஞ்சா மாமியும் அதையேதான் சொல்லுவாவாம்."

"அப்ப நீங்க சொல்லியிருக்கலாம்" என்றான் றுமைஸ்.

சாஜித் அவனை இரக்கத்தோடு பார்த்தான். "நான் கலியாணம் முடிச்சு மூணு வருசம், மச்சான். மாமியோட நேருக்கு நேரா ரெண்டு தரம் கதைச்சிருக்கன். ரெண்டும் பெருநாள்."

அந்தக் கரையோர ஊர்களில் வீடு பெண்ணுக்கு உரியது; மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுகிறவன். மாமியார் முன்கட்டில் நின்றால் அவன் பின்கட்டால் போவான். சொல்ல வேண்டியது மனைவி வழியாகப் போகும். இந்தச் செய்தியோ மனைவி வழியாகவும் போக முடியாத செய்தி.

றஸ்னா விடவில்லை. "அதுக்காக ஆகிலாட பேரைக் குடுத்தீங்களா?"

"நான் குடுக்கல்ல..."

"தடுக்கல்ல."

"பள்ளியில விசாரிச்சு, சாட்சி இல்ல எண்டு விட்டிருவாங்க எண்டு நினைச்சன்."

"உங்களுக்கு அது ஒரு விசாரணை. அவவுக்கு அது அஞ்சு வீடு."

சாஜித் மேசை இழுப்பறையைத் திறந்து, பஞ்சில் பொதிந்திருந்த இரண்டு பாதிகளை எடுத்து வைத்தான். ஒட்டிவிடலாம் என்று மூன்று இரவு முயன்றானாம்.

றஸ்னா உடைந்த விளிம்பை உற்றுப் பார்த்தாள். உள்ளே வெண்மை இல்லை, பிஸ்கட்டின் நிறம். மஞ்சள், பூச்சைத் தாண்டி உள்ளேயும் இறங்கியிருந்தது. சுட்டுவிரலை நாவில் நனைத்து அந்த விளிம்பில் வைத்தாள். ஈரம் கண் முன்னாலேயே மறைந்தது. பிறகு இரு பாதிகளையும் கவிழ்த்துப் பொருத்தினாள். அடியில் மங்கிய நீல முத்திரை ஒன்று இருந்தது. றுமைஸும் அதைப் படித்தான். ஒரு தொழிற்சாலையின் சின்னமும் நாட்டின் பெயரும். அதில் அவனுக்கு எந்த அதிசயமும் தெரியவில்லை.

"எழும்புங்க, சாஜித்" என்றாள் றஸ்னா. "இண்டைக்கு மாமியோட மூணாம் தரம்."

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த வேளை. சபியா உம்மாவின் வீட்டு மண்டபத்தில், றுமைஸும் சாஜித்தும் மெத்தைக் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்படிக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு திரைச்சீலை. திரைக்கு அப்பால் றஸ்னா எதையோ மேசைமேல் வைக்கும் ஓசை கேட்டது. முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று.

"யா அல்லாஹ்! ஆர் உடைச்ச?" சபியா உம்மாவின் குரல்.

"அதுக்கு முதல் ஒண்டைக் கேக்கிறன், சாச்சி. கப்பல்ல வந்த பீங்கான் எப்ப உடைஞ்ச?"

சாஜித் றுமைஸைப் பார்த்தான். றுமைஸ் கூரையைப் பார்த்தான்.

"இதுதானே அது" என்றார் சபியா உம்மா. குரலில் உறுதி இல்லை.

"நல்ல பீங்கான் தண்ணி குடிக்காது, சாச்சி. நூறு வருசம் எழுதினாலும் மேலாலதான் கறை இரிக்கும். இது உள்ளுக்குக் குடிச்சிருக்கி. இது மண்ணைச் சுட்டு மேலால கண்ணாடிப் பூச்சுப் பூசினது. அந்தப் பூச்சு வெடிச்சாத்தான் மஞ்சள் இறங்கும். கொதிதண்ணி பட்டாப் பொளக்கும். சரி, அதை விடுவம். மூத்தாப்பாட வாப்பா கப்பலேறின காலம் இந்த நாட்டுக்குப் பேர் சிலோன். ஸ்ரீ லங்கா எண்டு பேர் வந்தது எழுபத்திரெண்டில. இதுட அடியில என்ன பேர் இரிக்கி?"

திரைக்கு அப்பால் ஒரு கதிரை நகர்ந்தது; யாரோ பாரமாக உட்கார்ந்தார்.

"தொண்ணூத்தி ஏழு" என்றார் சபியா உம்மா இறுதியில். "ஹிமாயா வயித்தில. நானே எடுத்துத் துடைச்சன், கைதவறிற்று. உம்மா அடுத்த அறையில தொழுதுக்கிட்டு இரிந்தா. அவ தொழுது முடிச்சு ஸலாம் குடுக்க முதல் கூட்டி அள்ளிட்டன். அடுத்த நாள் சந்தையில இதை வாங்கினன். உம்மாட கண்ணில படலம், அவ கண்டுபுடிக்கல்ல. அண்டையிலிருந்து குடும்பத்துப் பொம்புளையள் எல்லாருக்கும் இதிலதான் எழுதின. ஆரும் கவுத்து அடியைப் பார்த்திரப்படாது எண்டுதான் இவ்வளவு காலமும் நானே கழுவினன்."

"ஆகிலா எடுத்தா எண்டு நினைச்சீங்களா, இல்ல, அவ அடியைப் பார்த்திருவா எண்டு பயந்தீங்களா?"

"எடுத்தா எண்டுதான் நினைச்சன். வல்லாஹி, சத்தியமா." பிறகு, "பயந்ததும் உண்மைதான்."

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. ஹிமாயா இடுப்பில் ஒரு கையை ஊன்றியபடி வந்தாள். அழுது வீங்கிய முகம். மண்டபத்தில் இருந்த ஆண்களை அவள் கண்டதாகத் தெரியவில்லை. நேரே திரையை ஒதுக்கி உள்ளே போனாள்.

"உம்மா, நான்தான் உடைச்ச. நீங்களும் உடைச்சீங்களா? என்னை வயித்தில வச்சுக்கிட்டா?"

"ஓம், மகள்."

"அப்ப எனக்கு ஒண்டும் ஆகல்லையே."

"உனக்கு என்ன ஆகின? உடைச்ச மூணாம் கிழமை பொறந்தாய். மூணே முக்கால் கிலோ. உன்ட சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாடு கயித்தை அறுத்துக்கொண்டு ஓடிற்று."

திரைக்கு அப்பால் ஹிமாயா சிரித்தாளா அழுதாளா என்று றுமைஸால் பிரித்தறிய முடியவில்லை. சாஜித்தால் முடிந்திருக்க வேண்டும். நான்கு நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை அவன் அப்போதுதான் விட்டான்.

"ஆக," என்றான் றுமைஸ் அவனிடம், "ஒரு பீங்கானை மாமி மாத்தியிருக்கா, ஒரு பீங்கானை மருமகன் மாத்தியிருக்கி. களவு எண்டு ஒண்டு நடக்கவே இல்ல. கள்ளி மட்டும் இரிக்கா."

அவன் எண்ணியதைவிட உரக்கச் சொல்லிவிட்டான். திரைக்கு அப்பால் பேச்சு நின்றது.

"பள்ளிக்கு இப்பவே ஃபோன் எடுத்து விசாரணை வேணாம் எண்டு சொல்றன்" என்றார் சபியா உம்மா. "போதும்தானே, மகள்?"

"போதாது, சாச்சி. ஆகிலாட பேரை எந்த இடத்தில வச்சுச் சொன்னீங்க?"

"வேலிக்கரையில. நாலு பொம்புளையள் நிண்டாங்க."

"அந்த நாலு பேரும் வரணும்."

பழிசுமத்துகிறவர்கள் ஊரறியச் சுமத்திவிட்டு, பழியை எடுக்கும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு எடுப்பார்கள். றஸ்னா அந்த வழக்கத்தை ஏற்பவளல்லள். சபியா உம்மாவின் சார்பில் முடிவெடுத்தவள் ஹிமாயா.

"லெப்பை பின்னேரம் அஸருக்குப் பொறகு வாறார், உம்மா. எந்தப் பீங்கான்ல எழுதுற? எலும்புப் பீங்கானும் ஏலாது, உடைஞ்சதும் ஏலாது. அலுமாரியில இரிக்கிறது எனக்கு வேணாம். ஆகிலா ராத்தாட வீட்டுப் பீங்கான்ல எழுதட்டும். அவ நம்மளை மன்னிச்சு, பொருந்திக்கிட்டுத் தந்தாத்தான் நான் குடிப்பன்."

கடற்கரை வீதியின் கடைசியில், மணல் முற்றத்தோடு கூடிய இரண்டறை வீடு. அஸருக்கு அரைமணி நேரம் இருந்தது. வேலிக்கரையில் நின்றிருந்த அதே நால்வரும் வாயிற் படலையடியில் நின்றார்கள். நால்வருக்குப் பின்னால் இன்னும் பதினால்வர் நின்றார்கள். இத்தகைய செய்தி கல்முனையில் முச்சக்கரவண்டியைவிட வேகமாகப் போகும் என்பதை றுமைஸ் அறிவான்.

சபியா உம்மா முற்றத்து மணலில் நின்றார். ஆலைக்காரரின் மனைவி அந்த முற்றத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. எல்லாவற்றையும் சொன்னார். தான் உடைத்தது, மகள் உடைத்தது, மருமகன் வாங்கி வைத்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லும்போது குரல் இரண்டு இடங்களில் தடுமாறியது; மூன்றாம் இடத்தில் உடைந்தது.

"ஆகிலா, உன்ட மேல பழி போட்டது நான். பொருந்திக்கொள்."

வாசலில் நின்ற ஆகிலா அழவில்லை. அவள் பார்வை சபியா உம்மாவைத் தாண்டிச் சென்று, படலையடியில் நின்ற நால்வரையும் ஒருவர் பின் ஒருவராகத் தொட்டது. நால்வரும் கேட்டார்கள் என்பது உறுதியானதும் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு வெள்ளைப் பீங்கான். பொன்விளிம்பு இல்லை, பூவேலை இல்லை, கீறலும் இல்லை.

"பொருந்திக்கிட்டன்" என்றாள். "ஹிமாயாவுக்காகத் தாறன். லெப்பை எழுதி, புள்ள குடிச்ச பொறகு நீங்களே கழுவுங்க, சாச்சி. நாரால தேய்க்காதீங்க. கொதிதண்ணி ஊத்தாதீங்க. பூந்துணியால துடைச்சு, நாளைக்கு ஜும்ஆவுக்கு முதல் எனக்குக் கிடைக்கணும்."

சபியா உம்மா இரு கைகளாலும் பீங்கானை வாங்கிக்கொண்டார். "கிடைக்கும். சனிக்கிழமை வேலைக்கு வாறாய்தானே, ஆகிலா?"

ஆகிலா அந்தக் கைகளில் இருந்த பீங்கானைப் பார்த்தாள்.

"பீங்கான் வரட்டும், சாச்சி. எப்படிக் கழுவியிருக்கீங்க எண்டு பார்த்துட்டுச் சொல்றன்."